நிமிடத்துக்கு மூன்று டிகிரி

நான் செய்த தவறுக்காக முனிரத்தினம் ஐந்து மாதம் குடோனில் மூட்டை தூக்கினார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்தணிக்கு வெளியே ஒரு சிறிய தொழிற்சாலையில், வாயுக்களைச் சல்லடைபோலப் பிரிக்கும் கார்பன் மெம்பரேன் செய்தோம். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த, உள்ளே துளையுள்ள பாலிமர் இழைகளை ஃபர்னஸில் அடுக்கி, காற்று புகாதபடி நைட்ரஜன் ஓடவிட்டுச் சுடுவோம். இழை கரியாகும்போது அதன் சுவரில் நுண்துளைகள் உண்டாகும். சாண எரிவாயுவை அதில் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு சுவர் வழியே வெளியேறும், மீத்தேன் உள்ளே நிற்கும். நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் சூடு ஏற்றலாம். அதை ‘ரேம்ப்’ என்போம். நான் இன்ஜினியர். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்து முனிரத்தினம் ஃபர்னஸ் ஆபரேட்டர்; நைட்ரஜன் மீட்டரைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

ஆடிக் கிருத்திகையன்று வீட்டில் காவடியோடு எனக்காகக் காத்திருந்தார்கள். பேட்ச் முடியாமல் கிளம்ப முடியாது. ரேம்ப்பை மூன்றாக்கினேன்.

“இன்னா சார், மளமளன்னு ஏறிகினு போவுது?”

“புது புரோகிராம். ஆபீஸ்ல ஓகே சொல்லிட்டாங்க.”

நம்பினார். கிளம்பும்போது மறுபடி ஒன்றாக்கி வைத்தேன். மறுநாள் டெஸ்டில் மீத்தேனும் சேர்ந்து வெளியே வந்தது. இழைகள் விரிசல் விட்டிருந்தன. மேனேஜர் கேட்டபோது, “நைட்ரஜன் குறைஞ்சி காத்து பூந்திருக்கும் சார்” என்றேன்.

“மீட்டர பாத்துகினேதான் சார் இருந்தேன்” என்றார் முனிரத்தினம்.

“இன்னாய்யா பாத்த? அறுந்தா முடிச்சு போட்டுக்க இது உங்க வூட்டுத் தறியா?” என்று மேனேஜர் கத்தினார்.

அன்றே குடோனுக்கு மாற்றினார்கள்.

ஐந்தாம் மாதம் கேன்டீனில் முனிரத்தினம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “ஒரு சந்தேகம் சார். காத்து பூந்தா எரிஞ்சி சாம்பல் பூக்கும் இல்ல? அது பளபளன்னு கருப்பாத்தான இருந்துச்சி? எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன்.”

என்னைச் சந்தேகித்திருந்தால்கூட மழுப்பியிருப்பேன். அவர் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். என்னை மூன்று மாதம் ஃபர்னஸ் பக்கம் விடவில்லை. முனிரத்தினம் பழைய வேலைக்குத் திரும்பினார்.

வெளியே வந்ததும், “மூட்ட தூக்கனதுகூட பரவால்ல சார். எனக்கு வேல தெரியலன்னு நானே நெனச்சிக்கினேன் பாருங்க” என்றார்.

நான் திரும்பி வந்த முதல் நாள், அவராகவே ஒரு நோட்டுப் போட்டிருந்தார். எல்லோர் காதிலும் விழும்படி, “ரேம்ப் எவ்ளோ சார்?” என்றார்.

“ஒண்ணு.”

எழுதிக்கொண்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். “கையெழுத்து போடுங்க. கிறுக்காதீங்க சார், பேரு தெரியணும்.”

அவர் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பேட்சுக்கும் கேட்டார். ஒவ்வொரு முறையும் முழுப் பெயரை எழுதினேன். அந்த நோட்டு வந்த பிறகு ஃபர்னஸை விட்டு வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனம் உறுத்தியதில்லை.