வீடுதோறும் வெள்ளம்

அன்று கேரள எல்லையோரக் குன்னத்துகால் பஸ் நிறுத்தத்தில் நான், ஒரு மீன்கார அம்மா, கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கிய ஒரு பெண், மூன்று பேர்தான் இருந்தோம். பஞ்சாயத்துத் தேர்தல் நேரம்.

அந்தப் பெண் ஃபோனை எங்களிடம் நீட்டினாள். நீட்டியபின் அவள் படத்தைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தையே பார்த்தாள். படத்தில் எங்கள் வார்டு வேட்பாளர் கழுத்தளவு நீரில் கைகூப்பி நின்றார். கீழே அவருடைய தமிழ் நோட்டீஸில் இருந்த அதே வரி: ‘வீடுதோறும் வெள்ளம் வரும்.’ மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்; அப்படி நினைத்துத் தமிழில் அச்சடித்துவிட்டார்கள்.

மீன்கார அம்மா கூடை குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் போடுவேன் என்றவர் அவர் ஒருவர்தான்.

“இது நீ செஞ்சதா மக்கா?” என்று கேட்டேன்.

“நான் ஆக்கும். காலேஜ் குரூப் முழுக்க ஓடுது.”

“குடிக்கிற வெள்ளத்தத்தானே அவரு சொன்னாரு? நம்ம வீட்டுலயும் அப்படித்தானே சொல்லுவோம்?”

“தெரியும் சேச்சி. தெரிஞ்சதுனாலதான் தமாசு.”

“அப்போ ஒனக்க ஓட்டு?”

“அவருக்குத்தான். எங்க வீட்டுலயும் குழாய் இல்லியே.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தேர்தலில் அவர் தோற்றார். அவள் சொன்னபடி ஓட்டுப் போட்டிருப்பாள் என்றே நம்புகிறேன். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்களோ என்றுதான் மனது அரிக்கிறது. ஜெயித்தவர் வெள்ளம் என்ற சொல்லையே எடுப்பதில்லை, சிரித்துவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ. குடத்தோடு கிளம்பும் காலைகளில் அவளை நினைக்கிறேன். அவளும் எங்கேயோ ஒரு குடத்தோடு நிற்பாள்.