மூன்று தட்டு

ஐம்பதுகளில் இலங்கையில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கு எழுதும் கிளாக்கர். மலை மேலிருந்து கொழுந்துச் சாக்குகள் இரும்புக் கம்பியில் தொங்கிச் சறுக்கிக்கொண்டு வரும். கீழே தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டினால் மேலே கேட்கும். ஒரு தட்டு என்றால் அனுப்பத் தொடங்கு. மூன்று என்றால் நிறுத்து. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

மூன்று தட்டி முடிப்பதற்குள் இன்னொரு சாக்கு கிளம்பிவிடும். அப்படி வந்த ஒன்று மோதி ஓர் ஆளின் தோள்மூட்டை இறக்கிவிட்டது. நான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய், தலைகீழாக மாற்றுவோம், இனி ஒன்று என்றால் நிறுத்து, மூன்று என்றால் அனுப்பு என்றேன். துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழையதைத் தொடாமல், ஆபத்துக்கென்று தனியாக ஒரு மணியைத் தொங்கவிட்டிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்துக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

ஒரு வாரம் எல்லோரையும் ஒப்பிக்கவைத்தேன். மேலே சாக்கு மாட்டுகிறவருக்கு என் அப்பா வயது. கேட்டபோதெல்லாம் சரியாகச் சொன்னார். கீழே சாக்கைக் கழற்றும் பெண்தான் சிரித்தாள்.

"வாயி சொல்லிப்புடுங்கய்யா. கை கேக்கணுமே."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை புது முறை தொடங்கியது. யாரையும் நம்பாமல் நானே தட்டினேன், மூன்று. பனிமூட்டத்துக்குள்ளிருந்து சாக்குகள் ஒழுங்காக வந்தன. ஏழோ எட்டோ வந்திருக்கும், ஒன்றின் கயிறு கொக்கியில் சிக்கிக்கொண்டது. அந்தப் பெண் மேடையில் ஏறி, கம்பிக்கு நேரே, மலைக்கு முதுகைக் காட்டி நின்று அதை இழுத்தாள்.

பதறிப்போய்த் தட்டினேன். மூன்றாவது தட்டும் விழுந்த பிறகுதான் உறைத்தது. நிறுத்து என்று நினைத்து, அனுப்பு என்று தட்டியிருக்கிறேன்.

திருத்த இன்னும் ஒன்று தட்டலாமா? மேலே இருப்பவர் புது முறையில் இருந்தால் நிறுத்துவார். பழைய ஞாபகத்தில் ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், அந்த ஒன்றைக் கேட்டு அனுப்பிவிடுவார். சுத்தியலை எறிந்துவிட்டு ஓடினேன். கத்தியது இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மேடையேறிக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன்.

"என்னங்கய்யா இது, பைத்தியமா புடிச்சிருச்சு?" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

கம்பியில் எதுவும் வரவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் மேலே இருந்தவர் இறங்கி வந்தார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"மூணு தட்டுனீங்க. நான் பழைய நெனப்புல நிப்பாட்டிப்புட்டேங்கய்யா. தொரைகிட்ட சொல்லிப்புடாதீங்க. வேல போயிரும்."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"சரி, இனிமே கவனமா இருக்கணும்" என்றேன்.

அவளுடைய உயிரைக் காப்பாற்றியவரை நான் மன்னித்து அனுப்பிவைத்தேன்.