டின்னைக் கவிழ்க்கும் கை

அப்பாவின் எண்ணெய் டின் ஒரு பக்கம் சப்பிப்போய், பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து, பார்க்கச் சகிக்காது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "இது என் கைக்குப் பழகிட்டுலே" என்பார். குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில், சீசன் முழுக்க அந்த டின்னும் ஒரு மர ஸ்டூலும்தான் அவருடைய ஆபீஸ். குளிக்க வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கையை முன்னால் நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்க டின்னைக் கவிழ்ப்பார். எண்ணெய் நூல் பிடித்தது போல உச்சந்தலையில் இறங்கும். அதற்குப் பிறகுதான் பிசைவதும் தட்டுவதும்.

தங்கை பிசியோதெரபி படிக்கிறேன் என்றபோது வீட்டில் எதிர்த்தவன் நான் ஒருவன்தான். போலீஸில் சேர்ந்த புதிது. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது. "கையைத் தூக்கு, காலை மடக்குன்னு சொல்லதுக்கு ஒரு காலேஜா? நம்ம அப்பா படிக்காமலே செய்யுதாரே" என்று கேலி செய்தேன். அவள் பாட்டுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு நாள், அப்பா பாசிப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மறுநாள் வலது கை இடுப்புக்கு மேலே எழவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. வயதாகிவிட்டது, தோள் இறுகிப்போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இறுகியதை இளக்குவதற்கு அப்பாவின் கூட்டாளிகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஊர் முதுகையெல்லாம் பிசைந்த கைகள். ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு இழுப்பு. என் பங்குக்கு நானும், தினமும் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, கையைப் பிடித்து மேலே தூக்குவேன். காது வரை போகும். விட்டால் விழுந்துவிடும். "போகுதுல்லா? நீங்கதான் முயற்சி பண்ண மாட்டேங்கிய" என்று சத்தமும் போட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சீசன் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் இடது கையால் டின்னைத் துடைத்துக்கொண்டே, "இனி இந்தக் கை அவ்வளவுதான் போல" என்றார். அவருக்கு அந்தக் கையை விட்டால் வேறு என்ன தெரியும்?

மூன்றாவது வாரம் தங்கை லீவில் வந்தாள். புது வேலையில் இருப்பவளைக் கலவரப்படுத்த வேண்டாமென்று நாங்கள் சொல்லவே இல்லை. அப்பா இடது கையால் துண்டை எடுத்ததைப் பார்த்தவள் பையை வாசலிலேயே வைத்துவிட்டாள்.

"சட்டையைக் கழத்துங்கப்பா."

முதலில் பின்னால் நின்று வெறுமனே பார்த்தாள். பிறகு கையைத் தூக்கச் சொன்னாள். அப்பா ரோஷக்காரர். மகள் முன்னால் தோற்க மனசில்லாமல் உடம்பை ஒருபக்கம் சாய்த்து, தோளை எக்கி, ஏதோ தூக்கிவிட்டதுபோலக் காட்டினார். அவள் தோளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். "தோளைத் தூக்காதீய. கையை மட்டும் தூக்குங்க." கை எழவில்லை. பிறகு அவளே அதை ஏந்தி மெல்ல மேலே கொண்டுபோனாள். காது வரை போனது. தோள் உயரத்துக்கு இறக்கி, "இங்கனயே பிடிச்சு நிறுத்துங்க" என்று விட்டாள். பொத்தென்று விழுந்தது. முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து முன்கையை வெளியே திருப்பி விட்டாள். அது தானாக வயிற்றுப் பக்கம் திரும்பி வந்தது. கடைசியாக, "டின்னைக் கவிழ்க்க மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள். வலது கையை அவளே தாங்கிக்கொண்டாள். இடது கையை மேலிருந்து அமுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. வலது கைக்கு ஒரு விரல் பாரமே அதிகமாக இருந்தது. அந்தப் பரிசோதனைக்குப் பாடப்புத்தகத்தில் பெயரே காலி டப்பா என்று பின்னால் சொன்னாள்.

"தோள் இறுகியிருந்தா யார் தூக்கினாலும் போகாது. இது போகுது, ஆனா அவரால பிடிச்சு வைக்க முடியல. உள்ள தசைநார் அந்து போயிருக்கு. நாள் தள்ளினா தைக்க முடியாமப் போயிரும். இனி யாரும் இழுக்கக் கூடாது."

என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் கண்டதைத்தான் நானும் தினம் காலையில் கண்டேன். எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டு உடம்பில் கத்தி வைப்பதா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். "எம் மவ சொல்லுதா" என்பதோடு அப்பா முடித்துக்கொண்டார். ஸ்கேனில் அவள் சொன்ன இடத்தில், சொன்னபடியே அறுந்திருந்தது. திருநெல்வேலியில் தைத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அவள் சொன்ன பயிற்சி. அடுத்த சீசன் தொடங்கியபோது ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அப்பா தானே போனார்.

தங்கை இப்போது தென்காசியிலேயே வேலை பார்க்கிறாள். நான்தான் வெளியூரில். இந்தச் சீசனுக்கு லீவில் வந்தவன், டீக்கடை ஓரம் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் ஒரு மதுரைக்காரர். தோள் வலிக்கிறது, நல்லா இழுத்து விடுங்க என்றார். அப்பா டின்னைக் கீழே வைத்துவிட்டார்.

"கையைத் தூக்குங்க. தோளைத் தூக்காதீய."

தோளை அமுக்கிக்கொண்டார். கையை ஏந்திப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். கை நிற்கவில்லை. "இதுல நான் கை வைக்க மாட்டேன் சார். தென்காசில எம் மவ இருக்கா. அவகிட்ட காட்டுங்க" என்றார்.

மதுரைக்காரருக்கு ஆச்சரியம். "இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, ஐயா?"

"அவகிட்டதான்."

அவர் எழுந்து போனதும் அப்பா என்னைப் பார்த்துவிட்டார். "ஏலே, அங்கன என்ன நிக்க? ஸ்டூல் காலியாத்தான இருக்கு, வா."

போய் உட்கார்ந்தேன். சப்பிப்போன அந்தப் பச்சை டின் என் தலைக்கு மேலே கவிழ்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கட்டைவிரல் தரையைப் பார்த்திருந்தது. கை ஆடவில்லை.