பெட்ரோல் மூடியின் தோல் வில்லை

என்னை அந்த மோட்டார் அழவைத்ததுபோல வேறெதுவும் அழவைத்ததில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு முதலாளி, பழைய லாரி ஒன்றின் முதுகில் தகர அறை கட்டி, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டிருந்தார். தோல் வாங்கச் சந்தை சந்தையாகப் போய் அதிலேயே படுத்துக்கொள்வார். ஊரில் அதற்கு வீட்டு மோட்டார் என்று பேர். அதை ஓட்டியவர் என் நைனா. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிக் கையெல்லாம் வெந்துகிடந்தவருக்கு, டிரைவர் ஆன பிறகுதான் விரல்களில் புண் ஆறியது. அவருடைய காக்கிச் சட்டை மேல் அம்மாவுக்கு என்னைவிடப் பிரியம்.

பெட்ரோல் தொட்டியின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வண்டி குலுங்கினால் அது வழியே சிந்தும். கட்டிலில் படுத்திருக்கும் முதலாளிக்கு அந்த நாற்றம் ஆகாது. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் தோலை வைத்துத்தான் அடைப்பார்கள். நைனாவும் நல்ல தோலாகப் பார்த்து வட்டமாக ஒரு வில்லை வெட்டி மூடிக்குள் அழுத்தி வைத்தார். ஒழுகல் நின்றது. கொஞ்ச நாளில் வண்டியும் நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி வழியில் இருமிவிட்டு நின்றுவிடும். அப்புறம் வண்டியின் மூக்கில் செருகிய ஹாண்டிலை எத்தனை சுற்று சுற்றினாலும் அசையாது. நைனா பிளக்கைக் கழற்றித் துடைப்பார், பெட்ரோல் குழாயை வாயால் ஊதுவார், வேர்த்து விறுவிறுத்து வண்டியை ஒரு உதை விடுவார். கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். நான் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பேன். அடுத்த சுற்றில் வண்டி உறுமும். அம்மா முன்தினம் சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழத்துக்குப் பாதிப் பெருமை, என் ராசிக்குப் பாதி. அந்தப் பாழாய்ப்போன ராசியால் என் பள்ளிக்கூடம் போயிற்று. சந்தை நாளெல்லாம் நான் வண்டியில்தான்.

"இன்னாப்பா இது, வண்டியா கழுதையா? ஜாஸ்தி பேஜாரா கீது" என்பார் முதலாளி. நைனா தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் குடியாத்தம் சந்தையில் மூடியைத் திறந்து படியில் வைத்தேன். வில்லை கழன்று விழுந்தது. தோல் வாசனைக்கு வந்த நாய் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடியே போய்விட்டது. நைனாவிடம் சொல்லப் பயம். வெறும் மூடியைத் திருகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பத்து நாள் வண்டி ஒரு இடத்திலும் மக்கர் செய்யவில்லை. சிந்திய நாற்றத்தைக்கூட முதலாளி பொறுத்துக்கொண்டார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்த தன் கைவண்ணம் என்று நைனா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

பிறகு முதலாளி நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸிலிருந்து தோல் வாங்கும் வெள்ளைக்காரத் துரை வேலூருக்கு வருகிறார், வெள்ளிக்கிழமை அவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றார்.

"வழில ஒரு தபா நின்னுச்சுன்னா வண்டிய வித்துடுவேன். நீ பழையபடி குழிக்குப் போய்டு."

துரையைப் பார்க்கப் போகிற இடத்தில் பிள்ளை எதற்கு என்று என்னை விட்டுவிட்டார்கள். நான் இல்லாதபோது மூடி ஒழுகி, அதனால் வண்டி நின்றுவிட்டால்? ஷாப்பின் பின்னால் கிடந்த துண்டுத் தோலில் கெட்டியாக ஒன்றைப் பொறுக்கி, நைனா வெட்டியதைவிட வட்டமாக வெட்டினேன். அவர்கள் கிளம்புமுன் மூடிக்குள் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கித் திருகினேன்.

பள்ளிகொண்டாவில் வண்டி நின்றது. தொட்டியை அன்று காலைதான் நிரப்பியிருந்ததால், யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. துரை காத்திருந்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். நைனா மாட்டுவண்டியில் வீடு வந்து சேர்ந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

"என் கைராசி அவ்ளோதான்" என்றார்.

பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் காற்று போகவேண்டும், அதற்குத்தான் மூடியில் ஓட்டை என்று என் மகன் சொல்லி நான் தெரிந்துகொண்டபோது நைனா இல்லை. மூடியை ஒருதரம் திறந்திருந்தால் போதும். இதைவிட எரிச்சலான ஒன்றை நான் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையே நைனா சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். சோறு கொண்டுபோன நான் மேலே நின்று அவர் கைகளைப் பார்த்தேன். நல்லவேளை, அந்த வில்லையையாவது வெட்டிப் போட்டுவைத்தோமே, என்மேல் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.