அவர் பெயரில் எழுதிய ஊசி

நான் எதையும் திருடவில்லை என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தேன், எடுத்தேன், பேரேட்டில் எழுதினேன். எழுதிவிட்டால் திருட்டு ஆகாது என்று நம்பினேன். தோட்டத்தில் பிறந்து நாலெழுத்துப் படித்தவனுக்கு எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நான். பன்னிரண்டு கட்டில், ஓர் ஆயா, பூட்டுப் போட்ட ஒரு மருந்து அலமாரி. டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்து காரில் வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர். பால் மரம் வெட்டியவர்களின் மகனைத் தோட்டமே ‘ஐயா’ என்று கூப்பிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையை அதே தோட்டத்தில் லாரி ஓட்டியவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். நல்ல மனிதர். யாரையும் கிண்டல் பண்ணாமல் ஒரு வாய் சோறு இறங்காது அவருக்கு. ஒருநாள் மத்தியானம் தங்கை வாசலில் இருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் இரண்டு பேர் மாப்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு புழுவாய்த் துடித்தார். சிறுநீரகக் கல். டாக்டருக்குப் போன் போட்டேன். “பெத்தடின் ஒண்ணு போடுங்க” என்றார். அது மில்லில் நைலான் நூல் செய்வது போல ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து. அபினைப் போலவே வலியைக் கொல்லும், அபினைப் போலவே ஆளையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதை நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், வலி போனது மட்டும் இல்லலா. மனசுல இருந்த பாரமெல்லாம் எறங்கிப் போச்சு. நான் இப்படி இருந்ததே இல்ல.”

நான் சிரித்தேன். அந்த வார்த்தையைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

சில வாரத்தில் கல் வெளியே வந்துவிட்டது. தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். ஆனால் வலி மட்டும் போகவில்லை. “இன்னொரு கல்லு உள்ள நிக்குது மச்சான்” என்றார். கல் வலியை வெளியிலிருந்து யார் அளக்க முடியும்? ஓய்வுச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். அடிக்கடி சீட்டு வாங்குகிறவனிடம் மேனேஜர் லாரியைக் கொடுக்க மாட்டார் என்றார். அதுவும் உண்மைதான். விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தோட்டத்துக்கு. எப்படி நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெரட்டுக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு மூன்று. டாக்டருக்குப் போன் போடுவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. எங்கள் வீடுகளில் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகியதில்லை. விருந்தில் கோழிக்காலைத் தேடி எடுத்து அவர் இலையில் வைத்த அதே கைதான் ஊசியையும் எடுத்துக் கொடுத்தது. நான் மறுத்த ஒரே நாள், தங்கையே வந்து நின்றாள்.

“அண்ணே, இன்னிக்கு மட்டும். அவர் படுற பாட்டப் பாக்க முடியல.”

போய்ப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். மூக்கில் தண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவர் நடிக்கவில்லை. அந்த வலி நிஜம். ஆனால் கல் தந்த வலி இல்லை அது. நான் போட்ட ஊசி தந்த வலி. அதை ஆற்ற அதே ஊசியைத்தான் கேட்டது உடம்பு. எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் போட்டேன்.

ஒரே ஆளின் பெயரை எத்தனை முறை பேரேட்டில் எழுதுவது? மற்றவர்கள் பெயரை எழுதினேன். ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாதவர்களாகப் பார்த்து எழுதினேன். அதில் ஒரு பால்வெட்டுக்கார அக்கா, ஐம்பது வயதிருக்கும். காய்ச்சல் வந்தாலும் மாத்திரைக்குக்கூட வரமாட்டார். அதனால் அவர் பெயர் எனக்கு வசதி. ஒரே மாதத்தில் நான்கு ஊசி அவர் பெயரில் ஏறியிருந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் காற்றில் கிளை முறிந்து அந்த அக்காவின் தொடையில் விழுந்தது. சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். எலும்பு இரண்டாகப் போயிருந்தது. தலைத்துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். பெத்தடின் பெட்டி காலி. கடைசி ஊசியை அன்று காலைதான் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தேன்.

சுற்றி நின்றவர்கள் என் கையையே பார்த்தார்கள். ஊசிக் குழாயில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஏற்றி அவருக்குப் போட்டேன்.

காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, லாரியில் மெத்தை போட்டு ஈப்போவுக்குக் கிளம்பினோம். லாரியை ஓட்டியது மாப்பிள்ளை. அந்த அக்காவுக்குச் சேர வேண்டிய மருந்து அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒரு பள்ளத்தில்கூட சக்கரம் இறங்காமல் ஓட்டினார். “அக்கா, இந்தா தாப்பா தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று பின்னால் திரும்பித் திரும்பிச் சொன்னார். அக்கா என் முழங்கையை விடவே இல்லை. அவர் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

ஈப்போவில் ஓர் இளம் டாக்டர் வந்தார். காலைப் பார்த்ததும் என்னிடம் திரும்பினார்.

“டிரெஸ்ஸர், பெத்தடின் போட்டாச்சா? எத்தனை மணிக்கு?”

ஒரு வார்த்தை போதும். ‘போடவில்லை, இப்போதே போடுங்கள்’ என்று சொன்னால் அந்த அக்காவுக்குப் பத்து நிமிடத்தில் வலி அடங்கியிருக்கும். எனக்குப் பேரேடு கண்ணில் வந்தது. நான் போட்டிருந்த டிரெஸ்ஸர் வெள்ளைச் சட்டை வந்தது. தங்கை முகம் வந்தது.

“போட்டாச்சு டாக்டர். ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

“அப்போ அடுத்தது இப்பவே போட முடியாது. கொஞ்சம் பொறுக்கட்டும்.”

பொறுத்தார். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றெல்லாம் நாசூக்காகச் சொல்ல மாட்டேன். நான் கோழை. அவ்வளவுதான்.

மறுவாரம் வந்த டாக்டரிடம், இனிமேல் பெத்தடின் அனுப்ப வேண்டாம், தோட்டத்தில் வைத்திருப்பது ஆபத்து என்றேன். பொறுப்பான ஆள் என்று என்னைப் பாராட்டினார். மாப்பிள்ளை பத்து நாள் வீட்டில் சுருண்டு கிடந்தார். அவரை எந்த டாக்டரிடமும் நான் கூட்டிப்போகவில்லை. போனால் எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார்களே. பிறகு லாரி வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போனார். அங்கே கிடைத்த ஹெராயின் தூளுக்கு டிரெஸ்ஸர் தேவைப்படவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை வாசலில் கிடந்தவரை எடுத்து வந்தோம்.

சாவு வீட்டுக்கு அந்த அக்கா சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு கால் குட்டையாகிவிட்டது, கையில் தடி. தங்கைக்குப் பக்கத்தில் கஷ்டப்பட்டு உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். வந்தவர்களிடம் அன்றைய கதையைச் சொன்னார்.

“அன்னிக்கு இவுங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நான் இல்ல. இந்தத் தம்பி லாரிய எம்புட்டுப் பக்குவமா ஓட்டுச்சு! ஐயாவும் ஒடனே ஊசி போட்டாரு. என் ஒடம்புக்குத்தான் மருந்து ஒட்டல. அதுக்கு அவரு என்ன செய்வாரு? அதுலருந்து நான் யாருகிட்டயும் ஊசி போட்டுக்கறதே இல்ல.”

தங்கை அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் எழுந்துபோய் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். முதல் கோப்பையை அந்த அக்காவிடம்தான் நீட்டினேன். “நல்லா இருங்க ஐயா” என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.