பழனியாத்தாள் போட்டுக்கொண்ட ஜாக்கெட்

தோலில் ஒரு ஜாக்கெட் வாங்கப் போவதாக இனியா சொன்னபோது, பழனியாத்தாள் அதை ரவிக்கை என்றுதான் நினைத்தாள்.

"தோல்ல போய் யாரு கண்ணு ஜாக்கெட் தைப்பாங்க? வேர்வையில நாறிப்போயிருமே" என்றாள்.

வண்டி ஓட்டும்போது சட்டைக்கு மேலே போடுவது, கீழே விழுந்தாலும் உடம்பு தேயாமல் காப்பாற்றும் என்று மகள் விளக்கியதும் அவள் முகம் இறுகிவிட்டது. "அது இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

பல்லடத்துக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் அவர்கள் வீடு. பழனியாத்தாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை. கணவர் மாரப்பன் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறார். ஒரே மகள் இனியா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். காற்றாலைகள் தோட்டங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மண் பாதையும் தார் ரோடுமாக அலைய வேண்டும். அதற்காகவே ஒரு புல்லட் வாங்கியிருந்தாள்.

அந்த ஆடியில், உடன் வேலை பார்த்த ரோஹன் வண்டியிலிருந்து விழுந்தான். காற்று பக்கவாட்டில் அறைந்ததில் வண்டி கையை விட்டுப் போய்விட்டது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து, தொடையிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. கட்டு மாற்றும்போது அவன் போட்ட சத்தத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்ட இனியா, அந்த வாரமே கோவை காந்திபுரம் போய் ஜாக்கெட்டும் கையுறையும் வாங்கி வந்தாள்.

அம்மாவிடம் அவள் சண்டை போடவில்லை. வண்டி நிற்கும் தகரக் கொட்டகையில் ஒரு ஆணி அடித்து அங்கேயே மாட்டிவைத்தாள். அம்மா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பழனியாத்தாளின் அப்பா தோல் பதப்படுத்தி, செருப்பும் மாட்டுக்குக் கழுத்துப் பட்டையும் தைத்துக் கொடுத்தவர். ஊருக்கு வெளியே தனித் தெரு. வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி. தைத்த செருப்புகளைத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் காத்திருப்பது சிறுமி பழனியாத்தாளின் வேலை. உள்ளேயிருந்து யாராவது வந்து, அவள் விரித்த துணியில் தானியத்தை உயரத்திலிருந்து கொட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். வேப்பிலையைக் கசக்கிக் கைகளில் தேய்த்துக்கொண்டு போவாள். அப்படியும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் வந்ததிலிருந்து அவள் வீட்டில் தோலில் செய்த எதுவும் கிடையாது. மாரப்பனுக்கு ரப்பர் செருப்பு, துணி பெல்ட். மகளின் பள்ளிக்கூடப் பை ரெக்சின்தானா என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினாள். இதையெல்லாம் மகளிடம் ஒரே ஒரு முறை, காய்ச்சலில் படுத்திருந்தபோது சொல்லியிருக்கிறாள். வெளியாளிடம் சொன்னதே இல்லை.

இனியா ஜாக்கெட்டோடு வேலைக்குப் போய் வரத் தொடங்கினாள். தெருவில் கேலி பேசினார்கள். "ஏனுங்க அம்மிணி, ராக்கெட்ல ஏறப் போறீங்களா?" என்று மளிகைக் கடைக்காரர் தினமும் கேட்டு, பிறகு அவரே சலித்துப்போய் விட்டுவிட்டார். பழனியாத்தாள் கொட்டகைப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் அவிநாசி போவார்கள். பழனியாத்தாளின் தங்கை வெங்கடலட்சுமி அங்கே குடியிருக்கிறாள். இனியா ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக ஓட்ட, பின்னால் சேலையில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். ஹெல்மெட்டுக்கு மட்டும் அவள் ஒத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கலம் தாண்டி ஒரு வளைவில் ஏதோ ஒரு லாரி மணலைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. வேகம் அதிகமில்லை. ஆனாலும் முன் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்துவிட்டது. இருவருமே ரோட்டில் தேய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனார்கள். இனியா உடனே எழுந்துவிட்டாள். அம்மா எழவில்லை. வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே ரத்தத்தில் மணல் ஒட்டியிருந்தது. சேலை முழங்கால் பக்கம் கிழிந்திருந்தது.

"உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்கம்மா."

அவிநாசியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் புண்ணிலிருந்து மணலை ஒவ்வொன்றாக எடுத்தாள். பழனியாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற இனியா தன் ஜாக்கெட் கையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இரண்டு கீறல். அவ்வளவுதான். அன்று அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

காயம் ஆறி, மறுபடி அவிநாசி கிளம்பிய நாளில் அவள் வெறும் சுடிதாரோடு வந்து வண்டியை எடுத்தாள்.

"அதை எங்க?" என்றாள் அம்மா. பெயரைச் சொல்லவில்லை.

"போடலீங்கம்மா. நீங்க பின்னால வெறும் சீலையோட உக்காந்திருக்கறப்ப நான் மட்டும் போட்டுட்டு ஓட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

"அப்படீன்னா நான் பஸ்ல போய்க்கறேன். நீ வேலைக்குப் போறப்ப அதைப் போடாம போகாத."

பல வாரங்கள் பஸ்ஸில்தான் போனாள். பல்லடத்தில் ஏறி, திருப்பூரில் மாறி, நின்றுகொண்டே போய் வந்தாள். ஒருநாள் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவளிடம் மாரப்பன் கேட்டார்.

"ஏம்புள்ள, வண்டியில போனா என்ன? பயமாயிருக்குதா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். மறு காலைப் பிடித்துவிட்டபடியே, "பஸ்ல காத்தே வரமாட்டீங்குது" என்றாள்.

மாரப்பன் அப்போதுதான் புரிந்துகொண்டார். இருபத்தைந்து வருடமாகத் தறிச் சத்தத்துக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவே நிற்பவளுக்கு, வாரத்தில் ஒருநாள் புல்லட்டின் பின்னால் உட்கார்ந்து போவது அவ்வளவு பிடித்திருக்கிறது. தங்கையைப் பார்க்கப் போவது பாதிக் காரணம்தான். அவர் அதை மகளிடம் சொன்னார். மகள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.

தானாகவேதான் பழனியாத்தாள் ஒரு சாயங்காலம் கொட்டகைக்குள் போனாள். ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவாமலேயே மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஆகற அளவுல கிடைக்குமா?" என்று கேட்டாள்.

காந்திபுரத்தில் அந்தக் கடையை நடத்துபவள் ஷைலா. கழுத்தில் அளவு நாடாவும் சின்னச் சிலுவையும் தொங்க, கலகலவென்று பேசுகிற பெண். பழனியாத்தாளை நாற்காலியில் உட்காரவைத்து, நாலைந்து ஜாக்கெட்டுகளை மடியில் போட்டாள். பழனியாத்தாள் ஒன்றை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். அவள் எதிர்பார்த்த வாடை வரவில்லை. எண்ணெய் தேய்த்த புதுக் கதவு மாதிரி ஒரு வாசனை.

"இது எதுங்க அம்மிணி, எருமையா?"

"எருமைதானுங்கம்மா. கெட்டியா இருக்கும். தோள்லயும் முழங்கையிலயும் உள்ள தனியா தடிப்பா ஒரு அட்டை வெச்சிருக்குது, பாருங்க. எந்திரிங்க, போட்டுப் பாக்கலாம்."

எழுந்து நின்றவள், ஷைலா ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தபோது சொன்னாள்: "எங்கய்யன் தோல் பதம் பண்றவருங்க. நான் அந்த ஊட்டுலதான் பொறந்தேன்."

இனியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படீங்களா" என்றாள் ஷைலா. "இந்தக் கையை நுழைங்கம்மா. தோள்பட்டை பிடிக்குதா?"

"கொஞ்சம் பிடிக்குதுங்க."

"அடுத்த சைஸ் எடுத்துட்டு வாரேன், இருங்க."

அவ்வளவுதான் நடந்தது. நாற்பது வருடமாக வெளியாளிடம் எந்தச் சொல்லைச் சொல்லாமல் காத்து வந்தாளோ, அதைச் சொல்லி முடித்தாயிற்று. எதிரே இருந்தவள் மூக்கைப் பிடிக்கவில்லை, ஒரு அடிகூட நகரவில்லை, சைஸ் தேடப் போயிருக்கிறாள். பழனியாத்தாளுக்குக் கண் கலங்கியது. கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

சிக்கல் அதற்குப் பிறகு வேறு இடத்தில் வந்தது. "ஒரு பக்கமா உக்காரக் கூடாதுங்கம்மா. ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரணும். கெட்டியான பேண்ட் வேணும்" என்றாள் ஷைலா. பழனியாத்தாள் வாழ்நாளில் சேலையைத் தவிர வேறு கட்டியதில்லை. தோலுக்குச் சம்மதித்தவள் பேண்ட்டுக்கு மாட்டேன் என்றாள். கடைசியில் சுடிதாருக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். அதன் பேண்ட்டின்மேல் கட்டிக்கொள்கிற மாதிரி முழங்கால் கவசமும், கூடவே கையுறையும் ஷைலா எடுத்துக் கொடுத்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவில் யாருமே ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. பழனியாத்தாள் சுடிதார் போட்டிருக்கிறாள் என்பதுதான் பேச்சு. "இந்த வயசுல இதென்ன கோலம்?" என்று ஒருத்தி கேட்டாள். "கீழ உழுந்து பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். கொட்டகையில் எலி இருந்ததால் மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு ஜாக்கெட்டுகளையும் அவளே உள்ளே எடுத்துவந்து பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அவிநாசியோடு நிற்காமல் இப்போது கொஞ்சம் தூரமாகவும் போகிறார்கள். சென்ற மாதம் கோத்தகிரி போனார்கள். மாரப்பனையும் கூப்பிட்டார்கள். "எனக்குப் பஸ்ஸே போதுஞ்சாமி" என்று அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார்.

மலையில் பாதி ஏறியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பழனியாத்தாள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்துவிட்டு, கையுறையைப் பல்லால் இழுத்து உருவிக்கொண்டு டம்ளரை வாங்கினாள். டீ போட்ட பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதைப் போட்டா வெயில்ல உடம்பு வேகாதுங்களா?"

"மேட்டுப்பாளையம் வரைக்கும் வேகத்தான் செய்யும் அம்மிணி" என்றாள் பழனியாத்தாள். "மேல வந்தா சொகமா இருக்குது." பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் ஒரு துளி சக்கரை போடுங்க" என்றாள்.