நான்கு சிவப்பு முடிச்சுகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. தெரிந்தவர் யாராவது ஏறிவிடுவார்கள் என்று ஏறவில்லை.

பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகையில் எனக்குத் துணி பார்க்கிற வேலை. பழுதிருந்தால் ஓரத்தில் சிவப்பு நூலால் முடிச்சு போடுவேன். ஒரே ஆளின் துணியில் நான்கு முடிச்சு சேர்ந்தால் அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். முதலாளி துணியை விரித்துப் பார்ப்பதில்லை, முடிச்சைத்தான் பார்ப்பார்.

ஒன்பதாம் தறியில் நெய்கிற அம்மா இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரமுடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

“ஏலே, அவ துணியில நாலு போடு. இல்லன்னா படுக்க வேற எடம் பாத்துக்கோ” என்றார் சூப்பர்வைசர். நான் படுத்துக்கொண்டிருந்தது அந்தக் கொட்டகையில்தான். குற்றமில்லாத துணியில் நான்கையும் போட்டேன். மறுநாள் காலை அந்த அம்மாவை நிறுத்துவதாகப் பேச்சு. அதைப் பார்க்க முடியாமல் மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா மகள் கல்லூரிப் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லுக்குள் ஒரு நொதி, வேண்டாத புரதத்தின்மேல் யூபிக்விடின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டுமாம்.

“ஒட்டுனா செத்துருமா?”

“அது அழிக்காது மாமா. அடையாளம் மட்டுந்தான் வைக்கும். ஒண்ணுமேல ஒண்ணா நாலஞ்சு கோத்துட்டா, அரைக்கதுக்கு வேற ஒண்ணு இருக்கு. அது அடையாளத்தத்தான் பாக்கும்.”

“நல்ல புரதத்துல ஒட்டிட்டா?”

“ஒட்ட வைக்க வைரஸே இருக்கு. இந்த நொதியப் பிடிச்சு, செல்லைக் காவக்காக்குற புரதத்து மேலயே ஒட்ட விட்டுரும். பொறவு புத்துநோய்தான்.”

“அப்ப தப்பு வைரஸ் மேல.”

“ஒட்டுனது யாரு மாமா? எட்டாங்கிளாஸ்ல பள்ளிக்கூடத்த விட்டு ஓடிப்போன ஆளுக்கு எதுக்கு இம்புட்டு விசாரணை?” என்று சிரித்தாள்.

“ஒட்டுனத எடுக்க ஏலாதா?”

“ஏலும். அதுக்கும் நொதி உண்டு. அரைபடுறதுக்கு முந்தி எடுக்கணும்.”

எழுந்து வாசலுக்குப் போனேன். முதலாளிக்குப் போன் போட்டு, நான்கு முடிச்சும் பொய் என்றேன்.

“போன்ல எவனும் சொல்லுவான். காலைல வந்து சூப்பர்வைசர் முன்னால துணிய விரிச்சுக் காட்டு. காட்டுனா அந்தம்மாவ நிறுத்தல” என்றார். வாரேன் என்றேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ராஜபாளையம் பஸ் கதவருகே ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் முகம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற, எதிர்த்திசையில் போகிற சுந்தரபாண்டியம் பஸ்ஸில் ஏறிப்போய், ஒரு செங்கல் சூளையில் கல் சுமக்கச் சேர்ந்தேன்.